ஆய்வுக்காரரும் களத்துக்காரரும் மலையகத்தில் சந்திப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அட்டனில் ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறார். இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்தின் சமூக அபிவிருத்தி பற்றிப் பேராதனையிலும் கொழும்பிலும் ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டங்களில் போசாக்கு, முன்பள்ளி, வீடு, பெண்கள் பிரச்சினை என்று நாள் முழுக்க அலைகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிவதில்லை. இவர்களை இணைக்க ஒரு வலையமைப்பு தொடங்கலாமா, தொடங்கினால் முதலில் எங்கே கை வைப்பது என்று கேட்கிறார்.

இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். பதினொரு வருடம் களப்பணி, அப்புறம் ஆய்வுக் குழுக்களுக்குத் தகவல் சேகரிக்கும் வேலை, கடைசியில் நானே ஒன்றிரண்டு சிறிய ஆய்வுகள். வலையமைப்பிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பெயர், சின்னம், தலைவர், செயலாளர், வாட்ஸ்அப் குழு என்று ஆரம்பித்த மூன்று முயற்சிகளில் நான் இருந்திருக்கிறேன். மூன்றும் முதல் கூட்டத்தோடு சரி. பிறகு அந்தக் குழுக்களில் வந்ததெல்லாம் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான். ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கேள்வியையும் அதன் பதிலையும் இரண்டு பக்கமும் சுமந்து போகிற ஆளைத் தேடிப் பிடியுங்கள். வலையமைப்பு வருவதென்றால் அதற்குப் பின்னால் தானாக வரும்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலையம் ஏற்படுத்தப்பட்டது 1925 இல், நூறு வருடமாகிவிட்டது. 1946 இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது, மலையில் கண்டதை நிலையத்துக்குச் சொல்லவும், செப்பு மருந்தை எப்படி, எத்தனை நாளுக்கொரு முறை அடிப்பது என்று தோட்டங்களுக்குத் திருப்பிச் சொல்லவும் ஒரு பாதை இருந்தது. நிலையத்தின் ஆலோசனை துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, வரும். துரையிடமிருந்து வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டருக்கு, அவரிடமிருந்து தொழிலாளர் குழுவை நடத்தும் கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து பம்பைத் தோளில் மாட்டியவருக்கு. ஒரு செடிக்கு இவ்வளவு ஏற்பாடு. அந்தச் செடியில் கொழுந்து எடுக்கிற பெண்ணின் பிள்ளை ஏன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்று ஆராய்கிறவருக்கும், அந்தப் பிள்ளைக்குப் பகல் சோறு ஊட்டுகிறவருக்கும் நடுவில் அப்படி ஒரு பாதை இன்றுவரை கிடையாது.

2016 இல் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுக்க எடுத்தால் 17.3 வீதம். இந்த இரண்டு எண்ணையும் சொல்லாமல் ஆரம்பிக்கிற கருத்தரங்கக் கட்டுரையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் டிக்கோயாப் பக்கம் ஒரு பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்யும் அக்கா என்னிடம் சொன்னது எந்தக் கட்டுரையிலும் இல்லை. "எடை குறைஞ்ச புள்ளைக்குன்னு திரிபோஷ குடுக்கிறாங்க. வீட்டுக்குக் கொண்டுபோனா நாலு புள்ளையும் சுத்தி உக்காரும். ஒண்ணுக்கு மட்டும் எப்படித் தம்பி குடுப்பா அவ?" திரிபோஷ என்பது அரசு கொடுக்கிற சத்துமா. அதைச் சத்துணவுத் திட்டமாகப் பார்க்கிறவருக்கு இது விநியோகக் கசிவு. அந்த அக்காவுக்கு அது ஒரு தாயின் கஷ்டம். இந்த இரண்டு பார்வையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பொதியின் அளவை மாற்றுவதா, காம்பராவிலேயே வைத்து ஊட்டுவதா என்ற பேச்சு எழும்.

ஒரு விஷயத்தில் தேயிலை நிலையத்தின் பாதையை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். அது மேலிருந்து கீழே ஓடுகிற பாதை. துரை சொன்னால் கங்காணி கேட்க வேண்டும், கங்காணி சொன்னால் பம்புக்காரர் கேட்க வேண்டும். மனிதர் விஷயத்தில் கீழேயிருந்து மேலே போகிற பேச்சுக்குத்தான் பாதை வேண்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நடுவில் சுமந்து போக ஆள் இருந்தார் என்பதையும், அந்த ஆளுக்குச் சம்பளம் இருந்தது என்பதையும்.

ஆய்வு மட்டும் இருந்து பாதை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு மேலே மலை சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆக, நிபுணருக்குத் தெரிந்திருந்தது. மலை வெடிப்பதை அங்கே இருந்தவர்களும் கண்ணால் கண்டிருந்தார்கள். அறிவு இரண்டு பக்கமும் இருந்தது. போவதற்கு ஒரு துண்டு நிலம், அங்கே ஒரு கூரை, சாமான் ஏற்ற ஒரு லொறி, இவற்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. ஆய்வாளரையும் களப்பணியாளரையும் இணைப்பது என்று நாம் பேசும்போது பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளை மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கும், கட்டடம் யாருடையது என்பது வழக்காக இருக்கும், அரச அதிகாரி "இது தோட்டத்துக் காணி" என்பார். அந்த ஆளைக் கூட்டத்துக்குக் கொண்டுவராத எந்த இணைப்பும் தகவல் பரிமாற்றத்தோடு நின்றுவிடும்.

மண்சரிவு விஷயத்திலேயே நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன், சிறியதுதான். பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஒரு தோட்டத்து முன்பள்ளியில் மழைமானி செய்து வைத்திருந்தோம். பெரிய சோடாப் போத்தல் ஒன்று. மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் அதுவே புனல். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், ஆகவே கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூச்சியமாக வைத்துப் பிள்ளைகளின் அடிமட்ட அளவைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேறு. இந்த அளவுகள் அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினுடையவை. எங்களோடு வந்த பொறியியல் மாணவர் அவற்றை அட்டையில் அழகாக எழுதி ஒட்டினார்.

முன்பள்ளி ஆசிரியை அட்டையைப் பார்த்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யாருங்க பாக்கிறது?" என்று கேட்டார். மாணவரிடம் பதில் இல்லை. யோசித்துப் போத்தலை முன்பள்ளியிலிருந்து எடுத்து, ராக்காவல் தாத்தா தேத்தண்ணி போடுகிற கொட்டிலுக்குப் பக்கத்தில் திறந்த இடத்தில் நட்டோம். தாத்தாவுக்கு எண் படிக்க வராது. அதனால் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நாடா சுற்றினோம். சிவப்பு நாடாவைத் தண்ணீர் தொட்டால் கோயில் மணியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆராய்ச்சி நிறுவனத்தின் எண், மாணவரின் அட்டை, ஆசிரியையின் கேள்வி, தாத்தாவின் கொட்டில், கோயில் மணி. இதில் எது ஆய்வு, எது நடைமுறை என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

இணைப்பு ஏன் ஆய்வாளருக்கே லாபம் என்பதற்கு ஒரு கதை. ஒரு முறை பல்கலைக்கழகக் குழு ஒன்றோடு தகவல் சேகரிக்கப் போனேன். கேள்விக்கொத்தில் ஒரு வரி: "கடந்த மாதம் எத்தனை நாட்கள் வேலை செய்தீர்கள்?" ஒரு அக்கா "பதினாறு" என்றார், எழுதிக்கொண்டோம். அடுத்த வீட்டிலும் பதினேழு, அதற்கடுத்ததில் பதினைந்து. மாலையில் குழுவின் தலைவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "வேலைக்கு வராமை அதிகமாக இருக்கிறதே" என்று குறித்துக்கொண்டார். அந்த அக்காவோ மாதம் இருபத்திரண்டு நாள் மலைக்குப் போயிருந்தார். அவர் சொன்னது நாளை அல்ல, பேரை. அந்தத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் ஒரு பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர். வெயில் காலத்தில் கொழுந்து இல்லாத மலையில் நாள் முழுக்க நின்றாலும் அரைப் பேர்தான். செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், ஏறுவது பேர், சம்பளம் வருவது பேருக்கு, எனவே வேலை என்றால் அவர்கள் மனதில் இருப்பதும் பேர். "நாள்" என்று கேட்ட கேள்விக்குப் "பேர்" என்று வந்த பதில் அறிக்கையில் சோம்பேறித்தனமாக மாறிப்போனது.

அந்த அறிக்கை வெளிவருவதற்குள் நான் சொல்லித் திருத்தினார்கள். சந்தோஷம். ஆனால் நான் அங்கே இருந்தது தற்செயல்தான். மாதச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியும் இப்படித்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, முற்பணம், தீபாவளிக் கடன், தேயிலைத் தூள், கோயில் காசு என்று கழித்துக் கையில் வருவதைச் சொல்கிறவர் உண்டு, கழிக்காமல் சொல்கிறவரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையைச் சம்பளமாகவே நினைக்காதவர் பலர். சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரிந்த ஒரு களப்பணியாளர் கேள்விக்கொத்து எழுதும் மேசையில் அரை நாள் உட்கார்ந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும். கேள்விக்கொத்து அச்சான பிறகு அவரைக் கூப்பிட்டு "வீடு வீடாக அழைத்துப் போங்கள்" என்பதுதான் வழக்கம். வழிகாட்டிக்கும் கூட்டாளிக்கும் உள்ள வித்தியாசம் அந்த அரை நாளில் இருக்கிறது.

புள்ளிவிபரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் களத்தில் இருப்பவர்களும் இதில் ஏமாந்துபோகிறோம். குடிசனக் கணக்கெடுப்பில் "தோட்டத்துறை" என்றால் 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவதும் உள்ள பெருந்தோட்டம். அது ஓர் இடத்தின் வரையறை, ஒரு சமூகத்தின் வரையறை அல்ல. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் தோட்டத்துறை வறுமை 33.8 வீதம், தேசிய அளவு 14.3 வீதம் என்று வந்தது. ஆனால் கொட்டகலை டவுனில் வாடகைக்கு இருக்கும் மலையகக் குடும்பம் அந்த 33.8 இல் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியும், வீட்டு வேலைக்குப் போன அக்காவும், துண்டு துண்டாகிக் கைமாறிய கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களும் வெவ்வேறு பெட்டிகளில் விழுகிறார்கள். இன அடிப்படையில் தேடினாலும், இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்கிற மலையகத்தவர் பலர். ஆய்வாளருக்கு இது தெரியும், அடிக்குறிப்பில் எழுதுவார். களத்துக்காரர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை, எண்ணை எடுத்துத் திட்ட முன்மொழிவில் போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

இன்னொரு பெரிய புண், போன ஆய்வு திரும்பி வராதது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் கதவைத் தட்டினேன். வயதான அம்மா ஒருவர் இஸ்தோப்பில் பாயை விரித்து உட்காரச் சொன்னார், தேத்தண்ணியும் வந்தது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "நீங்க நாலாவது ஆளு தம்பி. மொத ஆளு கேட்டதையே நீங்களும் கேப்பீங்க. நான் சொல்லட்டுமா, நீங்க கேக்கிறீங்களா?" என்றார். கக்கூஸ் உண்டா, தண்ணீர் எங்கிருந்து, எத்தனை பேர் ஒரு காம்பராவில், யார் யார் வெளிநாட்டில் என்று கேள்விகளையே வரிசையாகச் சொன்னார். முன்பு வந்த மூன்று பேரும் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அது என் தப்புத்தான். ஒரே லயத்தில் நான்கு முறை அளந்திருக்கிறோம், ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்கவில்லை.

பழைய காலத்தில் இப்படிப் பிரிந்து கிடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர். அவரே லயம் லயமாகப் போய்த் தோட்டத்து மக்களின் பாடல்களைச் சேர்த்தார். சங்க வேலையும் சேகரிப்பும் ஒரே நடையில் நடந்தன. 1972 இல் கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்யோதய நிலையமும் அப்படித்தான். படிப்பு, வெளியீடு, கிராமத்துச் சிங்களவரையும் தோட்டத்துத் தமிழரையும் ஒன்றாக உட்காரவைக்கும் வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தோட்டப் பகுதிகளில் வேலை செய்கிற அமைப்புகளை ஒருங்கிணைக்க 1974 இல் ஒரு செயலகமும் அங்கிருந்து உருவானது. தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய காலம் அது. அன்றைக்கு அறிக்கையே ஒரு செயல்பாடாக இருந்தது. கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவனம் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்து லயம் ஒன்றைத் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியதும் இந்த வரிசையில் வரக்கூடியது. ஆய்வாளர் போய்ப் பார்க்கலாம், தோட்டத்துப் பிள்ளையும் போய்ப் பார்க்கலாம்.

சமீபத்தில் பலன் தந்ததற்கும் ஒரு உதாரணம் உண்டு. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு. மக்கள் வாக்குப் போட்டுச் சபைக்கு ஆளை அனுப்புவார்கள், ஆனால் சபை தோட்டத்துக்குள்ளே ஒரு பாதை போடக்கூடச் சட்டம் தடையாக இருந்தது. பாதை கேட்டுக் கேட்டுச் சலித்த களத்தவரும், தடை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிய சட்டம் படித்தவர்களும் வருடக்கணக்காக ஒரே பல்லவியைப் பாடினார்கள். 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. "தோட்டங்களில் உட்கட்டமைப்பு மோசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எந்த வரியை மாற்ற வேண்டும் என்ற அளவுக்குக் கேள்வி சுருங்கியதால் நடந்தது.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சுமந்து போகிற ஆள் என்று சொன்னேனே, அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ திரும்பி வந்தவர்கள் இன்று ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறார்கள். பலர் இறுதி வருட ஆய்வைத் தங்கள் சொந்தத் தோட்டத்தைப் பற்றியே எழுதியவர்கள். அந்த ஆய்வுகள் எல்லாம் எங்கே? பாதி திணைக்கள அலுமாரியில், மீதி அம்மா வீட்டுப் பெட்டியில். நீங்கள் முதலில் செய்யக்கூடியதும், காசு அதிகம் தேவைப்படாததும் இதுதான்: அட்டனில் ஒரு வாசிகசாலையிலோ உங்கள் அலுவலகத்திலோ ஒரு இராக்கை ஒதுக்கி, இந்த ஆய்வுகளின் பிரதிகளைச் சேர்த்து, ஒரு கொப்பியில் எந்தத் தோட்டம், எந்த வருடம், என்ன கேள்வி என்று எழுதி வையுங்கள். இணையத்தளம் பிறகு பார்க்கலாம். அந்தக் கொப்பி இருந்திருந்தால் பொகவந்தலாவை அம்மாவிடம் நான் நாலாவது ஆளாகப் போயிருக்க மாட்டேன்.

சுமக்கிற ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டும். "சமூகப் பங்களிப்பு" என்று சொல்லி முன்பள்ளி ஆசிரியையின் சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கொழுந்து எடுக்கிற ஒருவரை வார நாளில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அன்றைய பேர் போய்விடும், அதை ஈடுசெய்யுங்கள். கொழும்பிலிருந்து வருகிற ஆய்வாளரின் வேனுக்கும் ஹோட்டலுக்கும் வரவு செலவில் இடம் இருக்கிறதென்றால் இதற்கும் இருக்கும். கட்டுரையில் பெயர் போடுகிற விஷயத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆறு மாதம் சேர்ந்து உழைத்த களப்பணியாளர் கடைசிப் பக்கத்தில் "நன்றிக்குரியவர்" ஆகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதற்குப் பிறகு அவர் அடுத்த ஆய்வாளரின் தொலைபேசியை எடுக்க மாட்டார், நியாயம்தானே.

மொழி. அறிக்கை ஆங்கிலத்தில் வரும், அதைத் தடுக்க முடியாது. அதோடு தமிழில் ஒரு பக்கமும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்காகச் சிங்களத்தில் ஒரு பக்கமும் இல்லாமல் எந்த ஆய்வுக்கும் உதவாதீர்கள். தமிழ் என்றால் வாசித்துக் காட்டக்கூடிய தமிழ். "மந்தபோசணை" என்று எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைக்காம்பராவில் வாசித்தபோது ஒருவருக்கும் புரியவில்லை. "புள்ளைக்குச் சத்துப் பத்தல" என்றதும் பேச்சு கிளம்பிவிட்டது. சிங்களம் வெறும் சலுகை அல்ல. மலையகம் என்றால் லயம் மட்டும் இல்லை, பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் அதே ஆறு, அதே மண்சரிவு, அதே பஸ். அவர்களோடு வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு "பிராந்திய" அபிவிருத்தி பேச முடியாது.

தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்ததே. ஆய்வாளர்களுக்குத் தெரியாதது, துரையின் ஜீப்பில் போய் இறங்கினால் அன்று கிடைக்கிற பதில் எல்லாம் துரைக்குச் சொல்கிற பதில் என்பது. அதேபோல் ஒரு சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மற்றச் சங்கத்து வீட்டுக் கதவு திறக்காது. எல்லாத் தலைவர்களிடமும் ஒரே நாளில் சொல்லுங்கள், மாதர் சங்கத்திடமும் சொல்லுங்கள். யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதை மட்டும் வெளியே விடாதீர்கள்.

கசப்பான முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் அமைப்பு கட்டிய கழிவறைகளில் பாதியை யாரும் பாவிக்கவில்லை, ஏனென்றால் அங்கே தண்ணீர் வரவில்லை என்று ஒரு மாணவி கண்டுபிடித்தார். எங்கள் ஆட்கள் அந்தப் பகுதியை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், உறவு முறிந்தது. தண்ணீர்க் குழாய் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. முடிவை வெளியிடுமுன் களத்தவருக்கு ஒரு மாதம் தரப்படும், அதற்குள் அவர்கள் பதில் எழுதலாம், ஆனால் நீக்கச் சொல்ல முடியாது என்று ஒரு பத்தி முதலிலேயே இருந்திருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் சேர்ந்து பாவிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அந்த அலுவலகம் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். எந்த ஆவணத்தைக் கேட்பது என்று ஆய்வாளருக்குத் தெரியும். கிடைத்த பதிலில் எது கதை என்று களத்தவருக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு விண்ணப்பம் பத்துக் கருத்தரங்குக்குச் சமம் என்பேன்.

முதல் கேள்வி எதுவாக இருக்கலாம்? நானாக இருந்தால் ஒரேயொரு பிரதேச செயலகப் பிரிவை எடுத்து, அங்கே அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காத ஏழைக் குடும்பங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பேன். விண்ணப்பிக்கவே இல்லையா, கடிதம் தோட்ட ஆபீசில் தங்கிவிட்டதா, லயத்துக்குத் தனி வீட்டு இலக்கம் இல்லாததாலா, கேள்விக்கு "பேர்" என்று பதில் சொன்னதாலா. இந்தக் கேள்வியில் ஆய்வாளருக்கு ஒரு கட்டுரை இருக்கிறது, களப்பணியாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய மேன்முறையீடுகள் இருக்கின்றன, பிரதேச செயலக உத்தியோகத்தருக்குத் தன் பட்டியலைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆறு மாதத்தில் பலன் தெரியும், தெரியாவிட்டால் அதுவும் தெரியும்.

கூட்டத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம். ஆய்வாளர் இரண்டு பேர், செயலகத்திலிருந்து ஒருவர், மற்றவர்கள் லயத்துக்குத் தினமும் போய்வருகிறவர்கள். சம்பளம் போடுகிற பத்தாம் திகதிப் பக்கம் வைக்காதீர்கள், அன்று எல்லோரும் டவுனில் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆய்வாளர் தன் கேள்விக்கொத்தை அச்சடிக்குமுன் கொண்டுவரட்டும், களத்தவர் ஒரு சம்பளச் சீட்டும் ஒரு பிள்ளையின் வளர்ச்சி அட்டையும் உரியவரிடம் கேட்டு, பெயரை மறைத்துக் கொண்டுவரட்டும். மஸ்கெலியாவுக்குக் கடைசி பஸ் போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேசுவதைப் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள், மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.